சங்கிலிதான் உனக்குத் தோழன்

மகனே,

நலமா என்று கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய். உன்னைப் போன்ற ஆட்களுக்கு ஒரு தலைவலிகூட வராது. முந்தாநாள் போனில் நீ பேசியதற்கு அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் "டிரெய்னிங்குக்கு நேரமாச்சும்மா, வச்சிடுறேன்" என்று வைத்துவிட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான், எழுத வரும். கடிதத்தை நடுவில் வெட்டிவிட்டு ஓட முடியாது பார். இதை நான் ஒட்டி அனுப்பவும் இல்லை. நம் பரளச்சியில் யார் கேட்டாலும் படித்துக் காட்டுவேன். உன் மாமா கேட்டார், படித்தேன். உன் அப்பாவுக்கும் படித்தேன். "விடு, சின்னப்பய, கல்யாண நேரத்துல எதுக்கு" என்றார். முப்பதை நெருங்குகிறவன் இந்த வீட்டில் இன்னும் சின்னப்பயல். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

நீ சொன்னதை உன் வாயாலேயே மறுபடி கேட்டுக்கொள். "அம்மா, சங்கிலி மச்சானைத் தோழனா நிக்க வேணாம்னு நீயே பக்குவமாச் சொல்லிரு. வீடியோ எடுக்குறாங்க, மேல டிரோனு பறக்குது. அவன் தாங்கித் தாங்கி நடந்தா நல்லாவா இருக்கும்? அவனுக்கும் சங்கடம். நாங்க ஓட்டக்காரப் பசங்க எல்லாம் சேந்து கோயில்ல இருந்து மண்டபத்துக்கு ஓடியே வந்துருவோம். வேட்டி, கீழ ஷூ. செம என்ட்ரியா இருக்கும்." அவனுக்கும் சங்கடம் என்று சொன்னாயே, அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் சங்கடத்தைப் பற்றி உனக்கு எந்த நாளில் இருந்து அக்கறை?

நம் குடும்பத்தில் கல்யாணம் எப்படி நடக்கும் என்று கோயம்புத்தூர் காற்றில் நீ மறந்திருக்கலாம், அதனால் சொல்கிறேன். தாய்மாமன் மகன்தான் தோழன். பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளைக்கு மாலை விழுந்ததும் தோழன் அவன் கையைப் பிடிப்பான். பிடித்த கையை மணவறையில் உட்காருகிறவரை விடக்கூடாது. தோழன் ஓர் அடி முன்னால் நடக்க வேண்டும், மாப்பிள்ளை அவனை முந்தக்கூடாது. உன் அப்பாவை அப்படித்தான் கூட்டிவந்தார்கள், உன் மாமாவை அப்படித்தான் கூட்டிவந்தார்கள். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவருக்கு இருப்பது ஒரே மகன். அவன் பெயர் சங்கிலி. இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது?

உன் கூட்டாளிகளுக்கும், உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற தேவகிக்கும் சங்கிலி யார் என்று தெரியாது. 'கால் சரியில்லாத ஒரு சொந்தக்காரர்' என்று சொல்லி வைத்திருக்கிறாயாம். சரி, அவர்களும் தெரிந்துகொள்ளட்டும். நீயும் சங்கிலியும் திருச்சுழிக்கு மினி பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன நாளில் அந்த பஸ்ஸு நமக்காக ஒரு நாளும் நின்றதில்லை. நம் ஊருக்குப் பிரிகிற விலக்குக்கு வரும்போது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். ஏறினால் ஏறினாய். நீயோ விடிந்து வெயில் வந்த பிறகுதான் போர்வையை உதறுவாய். நான் சோற்றை அடைத்து உன் கையில் திணிப்பதற்குள் பஸ்ஸு ஆரன் அடித்துவிடும். சங்கிலி உன்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன். அவன் பாய்ந்து ஓடிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இன்னொரு காலைத் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டே வருவான். தரையில் ஒருத்தன் கால் இழுபடும்போது டிரைவர் எப்படி வண்டியை விடுவான்? நிறுத்தித்தான் ஆக வேண்டும். கண்டக்டர் அவன் மண்டையில் கொட்டுவான். "கால் முறிஞ்சு சாகப்போறலே" என்று கத்துவான். சங்கிலி இளித்துக்கொண்டே, "எங்க மாப்ள வாரான்ணே, இந்தா வந்துட்டான்ணே" என்பான். நீ ஆடி அசைந்து வந்து ஏறி, சன்னலோரத்தில் உட்கார்ந்துகொள்வாய். எந்தக் காலை ஊன்றி அவன் உனக்காக பஸ்ஸை நிறுத்தினானோ, அதே வலது கால்தான் இப்போது உன் வீடியோவுக்கு ஆகவில்லை.

ஓட்டத்தில் அவனை நீ ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இதை எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது, அதனால் மறுபடியும் எழுதுகிறேன். ஒரு தடவைகூட இல்லை. நீ காலேஜுக்குப் போய், அங்கே மலைப்பாதையில் ஓடுகிற கூட்டத்தோடு சேர்ந்து, லீவுக்கு வரும்போது பல்லிமுட்டாய் நிறத்தில் ஒரு ஜோடி ஷூவோடு வந்தாய். ரோட்டில் ஓடுவது பழசாம். காடு, மேடு, பாறை என்று பாதையில்லாத பாதையில் ஓடுவதுதான் ஓட்டமாம். நம் ஊரில் மேடென்று சொன்னால் கண்மாய்க் கரை ஒன்றுதான். அந்தக் கரையில் ஏறி இறங்கி, சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து, கரிசல் வெடிப்பைத் தாண்டி, குண்டாற்று மணலில் போய்க் குதித்து நீ பழகினாய். துணைக்கு எவன் வந்தான்? லோடு வண்டி ஓட்டிக் களைத்து வந்த சங்கிலியைச் சாயங்காலம் இழுத்துக்கொண்டு போனாய். அவன் ரப்பர் செருப்போடு வந்து, ஆற்றங்கரை வந்ததும் அதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உனக்கு முன்னால் போவான். கரையில் நிற்கவே மாட்டான். உயரம் பார்க்காமல் அப்படியே மணலில் தொப்பென்று குதித்து, மறு கரையில் ஏறி நின்று உன்னைப் பார்த்துக் கை தட்டுவான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆறு, ஓடை எல்லாமே மணல்தான். தண்ணீரையே கண்டிராத ஊரில் ஆற்றுக்குள் குதிக்க எவன் பயப்படுவான்?

மேற்கே வத்திராயிருப்புப் பக்கம் மலையடிவாரத்தில் ஓட்டப் போட்டி என்று நீ துள்ளிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஜெயித்தால் ஷூ கம்பெனிக்காரர்கள் தூக்கிக்கொள்வார்கள், கோயம்புத்தூரிலேயே வேலை, ஊர் ஊராகப் போய் மலையில் பாதை பார்த்துக் கொடுக்கிற உத்தியோகம் என்றாய். சங்கிலியை வண்டி ஓட்டத்தான் கூப்பிட்டாய். அங்கே போனதும் அவனுக்கும் ஒரு நம்பரை வாங்கி நெஞ்சில் குத்திவிட்டாய். "மச்சான், நீ முன்னால ஓடுனாத்தான் எனக்கு வேகம் வரும், கடைசியில நான் முந்திக்கிறேன்" என்றாயாம். உனக்கு வண்டி மாடு வேண்டியிருந்தது. அவனும் சரி என்றான். அவன் எதற்குத்தான் மாட்டேன் என்றான்?

மாந்தோப்பு வழியாக ஏறி, யானை வராமல் வெட்டியிருக்கிற அகழியை ஒட்டிப் போய், பாறை மேட்டில் திரும்பிச் சரிவில் இறங்க வேண்டும். வழி தெரிவதற்கு மரத்துக்கு மரம் சிவப்பு ரிப்பன். இறக்கத்தின் முடிவில் ஓர் ஓடை, அக்கரையில் ஒரு ரிப்பன். அங்கே உள்ளவர்கள் வேரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவார்கள். சங்கிலி நம் ஊர்க்காரன் அல்லவா? காய்ந்த ஓடையைக் கண்டதும், உள்ளே சருகு மெத்தையாகக் கிடக்கிறதைப் பார்த்ததும், குண்டாற்றில் குதிக்கிற மாதிரியே குதித்துவிட்டான். சருகுக்கு அடியில் மணல் இல்லை, உருட்டுக்கல். மலை ஓடையில் கல்தான் கிடக்கும் என்று கரிசல் காட்டுக்காரனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? எல்லாம் தெரிந்த நீதானே சொல்லியிருக்க வேண்டும்? கரண்டைக்கால் திரும்பிப் போய்விட்டது. அவன் விழுந்தபோது உனக்கு முன்னால் இருந்தான். அவனுக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை. ஆகவே நீ ஜெயிக்கவில்லை, துரை. அவன் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் என் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாயே, அப்போது என்ன சொன்னாய்? "மாமா, அடுத்த திருப்பத்துல தண்ணி குடுக்குற பசங்ககிட்ட அப்பவே சொல்லிட்டேன் மாமா. அவங்கதான் ஆள் அனுப்பலை" என்றாய். நாங்கள் நம்பினோம். யாரோ பெற்ற காலேஜ் பிள்ளைகள், வெயிலில் நின்று தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பிள்ளைகள், அவர்களை நான் மண்ணை வாரித் தூற்றினேன். விளங்காமல் போவீர்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அண்ணன் அந்தப் போட்டி நடத்தியவர்களிடம் போய்ச் சண்டை பிடித்துச் சட்டை கிழிந்து வந்தார். சங்கிலி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னால் ஓடிவந்தவர்களும் முன்னால் போனவன் சொல்லியிருப்பான் என்று தாண்டிப் போக, ஒருத்தரும் வரவில்லை என்றதும் உடைந்த காலை இழுத்துக்கொண்டு அவனே கல்லுக்குள் தவழ்ந்து கரையேறியிருக்கிறான். ஆடு மேய்க்கிற அம்மா ஒருத்தி பார்த்துக் கத்தி ஆள் கூட்டியிருக்கிறாள். "விழுந்ததுல பாதிதான் கெட்டுச்சு, தவழ்ந்ததுல மீதி கெட்டுப்போச்சு" என்று டாக்டர் சொன்னார். பிளேட் வைத்தார்கள், சீழ் பிடித்தது, எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். கால் கட்டையாகிவிட்டது. பிரேக் மிதிக்கிற கால் போனவனுக்கு எவன் லோடு வண்டி கொடுப்பான்? இப்போது பந்தல்குடி ரோட்டில் ஒரு பஞ்சர்க் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து லாரி டியூப்பைத் தண்ணீரில் முக்கிக் குமிழ் பார்த்துக்கொண்டிருக்கிறான். வீட்டில் பெண் கேட்டுப் போன இடமெல்லாம் காலைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒரு இடத்தில் அவனை நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்து காட்டினான்.

போன பொங்கலுக்கு நீ வந்தபோது டவுனில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்கு உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உன் பெயருக்கு முன்னால் என்னென்னவோ பட்டம் போட்டு பேனர் கட்டியிருந்தார்கள். நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் சங்கிலி. கடையை அடைத்துவிட்டு, கையில் கிரீஸ் போகச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். நீ மைக்கைப் பிடித்து மேடையில் இங்குமங்கும் நடந்து பேசினாய். "தம்பிகளா, தங்கச்சிகளா, லைஃப்ல யாரு வேணா விழலாம். நாம நிக்கக்கூடாது. என் சொந்த மச்சான் என் கண்ணு முன்னால விழுந்தான். என் பேரைச் சொல்லிக் கத்துனான். நான் நின்னேனா? நிக்கலை. அடுத்த திருப்பத்துல தண்ணி குடுக்குற டேபிள்லகூட நிக்கலை. ஒரு வார்த்தை பேசலை. ஏன்? பின்னால ஒருத்தன் வந்துக்கிட்டு இருந்தான். ஃபோகஸ்! அன்னிக்கு நின்னிருந்தா இன்னிக்கு உங்க முன்னால நின்னிருக்க மாட்டேன்." பிள்ளைகள் கை தட்டினார்கள். வாத்தியார்கள் தட்டினார்கள். நீ சொன்னது என்ன என்று மண்டைக்குள் இறங்குவதற்கு முன்னால் நானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டேன். அப்புறம் கை அப்படியே நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் சங்கிலி தட்டிக்கொண்டே இருக்கிறான். "நல்லாப் பேசுறாம்ல அத்தை?" என்றான். என்னைப் பார்க்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அடப்பாவி, என்று மனசுக்குள் சொன்னேன். உன்னை மட்டும் சொல்லவில்லை, அவனையும்தான். பஸ்ஸில் வரும்போது கேட்டேன். "ஏலே, அவன் தண்ணி குடுக்குற எடத்துல சொல்லலைன்னு ஒனக்கு முன்னமே தெரியுமால?" தலையை ஆட்டினான். "ஏன்டா வாயைத் தொறக்கலை?" என்று கேட்டேன். "சொன்னா காலு நீண்டுருமா அத்தை? அவனுக்கு வேலை கெடைச்ச நேரம். நீங்க எல்லாரும் அவனைப் பிடிச்சு ஏசுவீக. அவன் அழுவான்." பாவி, பாவி. இவன் ஒருத்தன் இப்படி இருந்துதானே உன்னைப் போன்றவர்கள் கொழுக்கிறீர்கள். அவனை அங்கேயே நாலு அறை அறையலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்ததும், நீ மெடலைக் கடித்துக்கொண்டு இளிக்கிற போட்டோவை நடுவீட்டில் இருந்து கழற்றினேன். அது இப்போது கோழிக்கூண்டுக்கு மறைப்பாக இருக்கிறது. மழைச்சாரல் அடிக்காமல் நன்றாகத்தான் மறைக்கிறது. அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கொள்.

அத்தோடு விட எனக்கு மனசு வரவில்லை. மாசி மாதம் விருதுநகர் போய், திருவில்லிபுத்தூர் போய், வத்திராயிருப்புக்கு பஸ்ஸு பிடித்து அந்த அடிவாரத்துக்கு நானே போனேன். உன் அப்பாவிடம் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னேன். நீ ஓடிய பாதையை நான் செருப்புக்காலோடு நடந்தேன், முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு. மாந்தோப்பில் விசாரித்ததில் அந்த ஆடு மேய்க்கிற அம்மாவே கிடைத்தாள். சங்கிலியைப் பார்த்துக் கத்தி ஆள் கூட்டியவள். "அந்தப் பையன் நல்லாருக்கானா? அன்னிக்குத் தண்ணி கேக்கக்கூட நாக்கு எழலைம்மா அவனுக்கு" என்றாள். ஓடைக்குள் என்னை இறக்கிவிட்டாள். அவன் விழுந்த இடத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்த இடம் எது என்று கேட்டேன். "இந்தா, இந்தத் திருப்பம் தாண்டுனா ஒரு புளியமரம், அதுக்கு அடியில" என்றாள். அவளை அந்த மரத்தடிக்குப் போய் நிற்கச் சொன்னேன். உட்கார்ந்த இடத்தில் இருந்தே, "ஏத்தா, கேக்குதா?" என்று கூப்பிட்டேன். பெரிதாகக் கத்தவில்லை, அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற மாதிரிதான். "கேக்குதும்மா, நல்லாக் கேக்குது" என்றாள். திரும்பி வந்து அவளேதான் சொன்னாள், "அன்னிக்கு அந்த மரத்தடியில ஸ்பீக்கர் வச்சுக் காதைக் கிழிக்கப் பாட்டுப் போட்டாங்க. அதான் அவன் கத்துனது ஒருத்தருக்கும் கேக்கலை." வெற்றிலையை மடித்து வாயில் போட்டு ஒரு பக்கம் ஒதுக்குவதற்குள் போய்விடுகிற தூரம், மகனே. உனக்கு மூச்சு வாங்கியிருக்கும், வாய் பேச வராது என்றே வைத்துக்கொள்வோம். கையைக் காட்டியிருக்கலாம். பின்னால் என்று ஒரு விரலைக் காட்டியிருந்தால் போதும்.

இதற்குமேல் உன்னை என்ன கேட்பது என்று நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கல்யாணம் நடக்கட்டும், நம் வீட்டு அசிங்கம் நமக்குள் இருக்கட்டும் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் நீ போன் பண்ணினாய். நான் முற்றத்தில் வத்தல் காயவைத்துக்கொண்டிருந்தேன். கை காரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்திருந்தேன். நீ மளமளவென்று கொட்டினாய். தாங்கித் தாங்கி நடந்தால் நல்லாவா இருக்கும் என்று கேட்டாய். நான் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் சங்கிலி நிற்கிறான். உன் கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் பேசிவிட்டு வந்து, சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான். எதுவும் கேளாதவன் மாதிரி, "அண்டா நாலு போதுமா அத்தை, அஞ்சாச் சொல்லவா?" என்றான். அஞ்சு சொல் என்றேன். போய்விட்டான்.

நேற்று விடிகாலையில் கண்மாய்ப் பக்கம் போனேன். கரைமேல் ஒருத்தன் போவதும் வருவதுமாக இருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தால் இவன். கல்யாணத்துக்கு எடுத்த புதுவேட்டியைக் கட்டிக்கொண்டு, வலது செருப்புக்குள் டயர்த் துண்டை வெட்டி வைத்து உயரமாக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறான். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அவ்வளவு வலி. "என்னடா பண்ற?" என்றேன். "தாங்காம நடந்து பழகுறேன் அத்தை. கோயில்ல இருந்து மண்டபம் வரைக்கும் எப்படியும் சமாளிச்சிருவேன். வீடியோல நல்லா இருக்கணும்ல, மாப்ள ஆசைப்படுறான்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டயர்த் துண்டைப் பிடுங்கிக் கண்மாய்க்குள் வீசினேன். "தாங்கி நடலே! ஊரு பாக்கத் தாங்கி நட! நல்லா நடந்து வந்தேன்னா ஒன் காலை நானே முறிப்பேன்" என்று கத்தினேன். கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன்தான் என்னைத் தூக்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து தேவகிக்குப் போன் போட்டேன். மலையில் ஓடுகிற பெண், உன்னோடு பழகின பெண், உன்னை நம்பி வருகிற பெண். அவளுக்குத் தெரியாமல் தாலி ஏறக்கூடாது என்று பட்டது. ஓடை, கல், தண்ணீர் கொடுத்த புளியமரம், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவள் கேட்டாள், "தண்ணி குடுக்குற எடத்துலகூட நிக்கலையா அத்தை? மலை ஓட்டத்துல விழுந்தவங்களைத் தாண்டிப் போகக்கூடாதுன்னு அவர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தார்." "சரிங்க அத்தை, வச்சிடுறேன்" என்றாள். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. உனக்கு இன்னும் போன் பண்ணியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். பண்ணும்வரை அந்தச் சரிக்கு அர்த்தம் நீயும் தெரியாமல் இரு. ஆள் வருமா வராதா என்று ஒருத்தன் கல்லுக்குள் கிடந்தானே, அதில் ஒரு துளியாவது உனக்கும் இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள் இப்படியா எழுதுவாள் என்று உன் கூட்டாளிகளிடம் சொல்வாய். சொல். பெற்றவள் எழுதாமல் வேறு யார் எழுதுவார்கள்? ஊரில் மற்றவர்கள் எல்லாம் உனக்குக் கை தட்டுகிறவர்கள்தானே? உன்மேல் பாசம் போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை, அந்தச் சனியன்தான் போகமாட்டேன் என்கிறது. நீ வருவாய் என்று அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு நாளைக்குப் பிரசவம் வரும், காய்ச்சல் வரும், மனசு உடையும். நம் எல்லாரையும் போல அவளும் எங்கேயாவது ஓர் இடத்தில் விழுவாள். அப்போது உனக்குப் பின்னால் எவனோ வந்துகொண்டுதான் இருப்பான். உனக்குப் பின்னால் எவனாவது வராத நாள் என்று ஒன்று இருக்கிறதா? நின்று பழகாதவனுக்கு அன்றைக்குத் திடீரென்று நிற்க வராது. அதனால் கல்யாணத்தன்றே பழகிக்கொள்.

பெண் சம்மதித்து முகூர்த்தம் நடந்தால், இப்படித்தான் நடக்கும். டிரோனுக்குக் கொடுத்த அட்வான்சை வாங்கிக்கொள், வாங்க முடியாவிட்டால் பறக்கட்டும், மேலே இருந்து நன்றாகப் படம் எடுக்கட்டும். உன் ஓட்டக்காரக் கூட்டாளிகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், ரோட்டில் ஒருத்தனும் ஓடக்கூடாது. டவுன் பிள்ளையார் கோயிலில் உனக்கு மாலை விழுந்ததும் சங்கிலி கையை நீட்டுவான். நீட்ட மாட்டான், கூச்சப்படுவான், நீயே போய்ப் பிடி. அவன் ஓர் அடி முன்னால், நீ ஓர் அடி பின்னால். அவன் நின்றால் நில். அவன் மூச்சு வாங்கி ஓரத்தில் உட்கார்ந்தால் நீயும் மாலையோடு அவன் பக்கத்தில் தரையில் உட்கார். முகூர்த்தம் தப்பும் என்று ஐயர் கத்துவார், உன் மாமனார் வாட்சைப் பார்ப்பார், நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசிப்பார். கத்தட்டும், வாசிக்கட்டும். நடுவில் அவன் கையை நீ விட்டாயானால், அந்த இடத்திலேயே நான் பஸ்ஸு ஏறிப் பரளச்சிக்கு வந்துவிடுவேன். மணவறையில் உனக்கு அம்மாவாக நிற்க வேறு ஒருத்தியைப் பிடித்துக்கொள்.

அப்புறம் ஷூ. வேட்டிக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு வந்து நிற்காதே. வெறுங்காலோடுதான் மாப்பிள்ளையும் தோழனும் வர வேண்டும், செருப்பைக் கோயில் வாசலிலேயே விட்டுவிடு. பத்தரைக்கு மேல்தான் முகூர்த்தம். சித்திரை வெயிலில் அந்தத் தார் ரோடு சுடும். அவன் நடக்கிற நடைக்கு மண்டபம் போய்ச் சேர நேரம் ஆகும். சுடட்டும். நட.

அம்மா